கெட்டமைன் சிறுநீர்ப்பையை எப்படிச் சிதைக்கிறது?

கெட்டமைன் என்ற பெயர் தமிழ்ச் செய்திகளில் பெரும்பாலும் மூன்று விதமாக அடிபடுகிறது. சென்னை விமான நிலையத்தில் மலேசியா, சிங்கப்பூர் பக்கம் போகவிருந்த பொட்டலங்களைச் சுங்கத்துறை பிடித்ததாக ஒரு செய்தி வரும். எந்த மாத்திரைக்கும் மசியாத மனச்சோர்வு கெட்டமைன் ஊசியில் ஒரே நாளில் தணிந்ததாக இன்னொன்று. 2023 அக்டோபரில் இறந்த அமெரிக்க நடிகர் மேத்யூ பெர்ரியின் பிரேதப் பரிசோதனை அறிக்கை போல, மரணத்தோடு சேர்ந்து வருவது மூன்றாவது. இந்த மூன்றிலும் சிறுநீர்ப்பை என்ற சொல் அநேகமாக இருக்காது. ஆனால், கெட்டமைனைத் தொடர்ந்து எடுப்பவர்களிடம் வேறு எந்தப் போதைப்பொருளிலும் காணாத விதமாகச் சேதமாகும் உறுப்பு அதுதான். இருபது வயதில் இருபது நிமிடத்துக்கொரு முறை கழிவறைக்கு ஓடுகிறவர்கள், சிறுநீர்ப்பையையே அறுத்து எடுக்க வேண்டி வந்தவர்கள், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் இதில் உண்டு.

படிப்பவர்களுக்கு இரண்டு குழப்பங்கள் எழும். அறுவைசிகிச்சை மேசையில் குழந்தைகளுக்கே கொடுக்கிற மருந்து எப்படி இவ்வளவு நாசம் செய்யும்? அப்படியானால், சிகிச்சைக்காக அதை ஏற்றிக்கொள்கிறவர்களும் பயப்பட வேண்டுமா? இரண்டுக்கும் விடை, எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு காலம் என்பதில் இருக்கிறது.

மருந்தின் பூர்வீகம்

1962இல் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்துக்காக கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது கெட்டமைன். அதற்கு முன்பிருந்த பென்சைக்ளிடின் என்ற மயக்க மருந்து, நோயாளிகளை விழித்த பிறகு நெடுநேரம் பித்துப் பிடித்த நிலையில் வைத்தது. அதன் சாயலில், ஆனால் சீக்கிரம் இறங்கிவிடுகிற ஒன்றைத் தேடியபோது கிடைத்தது இது. 1970இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. வியட்நாம் போர்க்களத்தில் காயம்பட்ட வீரர்களுக்குக் கை கொடுத்தது. மற்ற மயக்க மருந்துகளைப் போல இது மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் எளிதில் தாழ்த்துவதில்லை. அதனால், செயற்கைச் சுவாசக் கருவி இல்லாத சிற்றூர் மருத்துவமனையிலும் துணிந்து கொடுக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 1985 முதல் இது இருப்பதற்குக் காரணம் இதுவே.

மூளையில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து அமரும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைக் கெட்டமைன் அடைக்கிறது. வலி தெரியாது, உடம்பு தன்னுடையது இல்லை போலத் தோன்றும். இந்த இரண்டாவது விளைவுக்காகத்தான் அது மருத்துவமனையை விட்டு வெளியே போனது.

2007: 37 ஆண்டுகள் தாமதமாக வந்த கண்டுபிடிப்பு

2007இல் கனடாவின் டொராண்டோவில் சிறுநீரியல் மருத்துவர்கள் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஒன்பது பேரும் கெட்டமைன் எடுப்பவர்கள். கடும் நீர்க்கடுப்பு, அடக்க முடியாத அவசரம், சிறுநீரில் ரத்தம். ஸ்கேனில் சிறுநீர்ப்பையின் சுவர் தடித்துச் சுருங்கியிருந்தது. உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால் புண். அதே ஆண்டில் ஹாங்காங்கிலிருந்தும் பத்து நோயாளிகளைப் பற்றிய குறிப்பு வெளியானது. அடுத்த ஆண்டே அந்த ஹாங்காங் மருத்துவர்கள் 59 பேரின் விவரத்தைத் தந்தார்கள். கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி செய்த 42 பேரிலும் உள்சவ்வில் அழற்சி. 30 பேருக்கு, அதாவது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, சிறுநீரகம் வீங்கியிருந்தது. எட்டுப் பேருக்கு ரத்தத்தில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் கூடியிருந்தது.

1970இல் சந்தைக்கு வந்த மருந்தின் இந்தக் குணம் 2007 வரை ஏன் தெரியவில்லை? யாரும் மறைத்ததாகச் சொல்ல முடியாது. மருத்துவமனையில் ஒருவருக்கு வாழ்நாளில் ஓரிரு முறை, சில பத்து மில்லிகிராம் கொடுத்தால் இந்த நோய் தலைகாட்டாது. நாள்தோறும், மாதக்கணக்கில், கிராம் கணக்கில் எடுக்கும் ஒரு கூட்டம் உருவான பிறகுதான் அது கண்ணில் பட முடியும். அந்தக் கூட்டம் 2000களின் ஹாங்காங்கில் உருவானது. கொக்கெயினை விட மலிவு. ஊசி வேண்டாம், மூக்கால் உறிஞ்சினால் போதும். 21 வயதுக்குட்பட்ட போதைப் பழக்கத்தினரிடையே அங்கே கெட்டமைன் முதலிடத்தில் இருந்தது. 2011இல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகம் இளைஞர்களின் சிறுநீர்ப்பைச் சேதத்துக்கென்றே ஒரு சிகிச்சை மையம் தொடங்க வேண்டிய அளவுக்குக் கூட்டம் சேர்ந்தது.

சேதம் நடக்கும் விதம்

கெட்டமைன் ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதில்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும். கல்லீரல் அதை நார்க்கெட்டமைன் என்ற பொருளாகவும், பிறகு வேறு சில பொருள்களாகவும் மாற்றுகிறது. இவற்றில் மிகப் பெரும்பகுதி வெளியேறும் வழி சிறுநீர்தான். மூளையை விட்டு மருந்து இறங்கிய பிறகும், அதன் கழிவு சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது.

சிறுநீர்ப்பையின் உட்புறம் சாதாரணத் தோல் போன்றதன்று. யூரியா, பொட்டாசியம், உடம்பு வேண்டாமென்று தள்ளிய அத்தனையும் கலந்த நீரைச் சுமந்துகொண்டு, ஒரு துளியையும் சுவருக்குள் கசியவிடாமல் காக்கும் சவ்வு அது. ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் ஒன்றும் ஆகாது; ஈயம் போன பாத்திரத்தில் வைத்தால் களிம்பு ஏறும். இங்கே நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். படிப்படியாகப் பார்த்தால்:

1. கெட்டமைனும் நார்க்கெட்டமைனும் சவ்வின் செல்களை நேரடியாகத் தாக்குகின்றன. செல்கள் இறந்து உதிர்கின்றன. பக்கத்துப் பக்கத்துச் செல்களை இறுக்கிப் பிடித்திருக்கும் புரதங்கள் குறைகின்றன.

2. பூச்சு போன இடத்தில் சிறுநீர் கசிந்து உள்ளே இறங்குகிறது. அதிலுள்ள பொட்டாசியமும் மற்றவையும் நரம்பு நுனிகளைச் சீண்டுகின்றன. கொஞ்சம் நீர் சேர்ந்தாலே தாங்க முடியாத வலி வருவது இதனால்தான்.

3. உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அங்கே திரள்கின்றன. இயோசினோஃபில், மாஸ்ட் செல் போன்ற, பொதுவாக ஒவ்வாமையில் காணப்படும் செல்கள் இந்தத் திசுக்களில் மண்டிக் கிடப்பதை நோய்க்கூறு மருத்துவர்கள் பார்க்கிறார்கள். நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெடுகின்றன.

4. ஆறுவதற்குள் மறுபடி புண், மறுபடி புண் என்று போகும்போது, சவ்வுக்குக் கீழே வடுத்திசு படிகிறது. தசை விரியும் தன்மையை இழக்கிறது. மூன்றாவது படி வரை பெருமளவு திரும்பி வரலாம். நான்காவதிலிருந்து திரும்புவது கடினம்.

வடு விழுந்த பிறகு என்ன ஆகும் என்பதை எண்களில் சொன்னால் தெளிவாக இருக்கும். நலமான ஒருவரின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி லிட்டர் கொள்ளும். ஒரு நாளில் ஒன்றரை லிட்டர் சிறுநீர் ஊறுகிறது என்று வைத்தால் மணிக்கு 60 மில்லிக்குக் கொஞ்சம் மேல். பை சுருங்கி 50 மில்லி மட்டுமே கொண்டால், முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 20 மில்லி என்றால் இருபது நிமிடம். இரவிலும் இதே கணக்குதான். தூக்கம் போகிறது, வேலை போகிறது, பேருந்துப் பயணம் கூட முடியாமல் போகிறது. பெரியவர்களுக்கான டயப்பர் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் நிலை இப்படி வருகிறது.

வலி நிவாரணியே வலியைக் கொடுத்தால்

இந்த நோயின் குரூரமான பகுதி இது. கெட்டமைன் அடிப்படையில் ஒரு வலி நிவாரணி, அதுவும் வலுவானது. சிறுநீர்ப்பை எரியும்போது பொடியை ஒரு கோடாகப் பரப்பி உறிஞ்சினால் எரிச்சல் அடங்குகிறது. அடங்கிய அந்த மணி நேரத்தில், அடுத்த எரிச்சலுக்கான கழிவு பையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பழக்கத்தினரில் பலர் ஒரு கட்டத்துக்கு மேல் போதைக்காக எடுப்பதில்லை, வலிக்காக எடுக்கிறார்கள். "இவ்வளவு வலித்தும் விடவில்லையே" என்று வீட்டார் கோபப்படுவது இயல்பு. வலிப்பதால்தான் விட முடியவில்லை என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் பிடிபடாது. வலிக்கு வேறு மருந்து தராமல் "முதலில் நிறுத்திவிட்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பும் மருத்துவமும் இங்கே தோற்கும்.

சிறுநீர்ப்பையோடு இது நிற்பதுமில்லை. மேல்வயிற்றில் பிடித்து இழுக்கும் வலி ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் பழக்கத்தினர் அதைக் கே-கிராம்ப்ஸ் என்கிறார்கள். பித்தக் குழாய் விரிவதும், ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் கூடுவதும் இவர்களிடம் பதிவாகியிருக்கின்றன.

சிறுநீரகம் வரை ஏறுவது எப்படி

சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் இரண்டு குழாய்களும் அதே சவ்வு பூண்டவைதான். அவற்றிலும் அழற்சி வந்து, வடு விழுந்து, குழாய் குறுகலாம். குழாய் அடைபட்டால் மேலே உள்ள சிறுநீரகம் நீர் கோத்து வீங்கும். இன்னொரு வழியும் இருக்கிறது. விரியாத பையில் அழுத்தம் கூடும்போது, சிறுநீர் வந்த வழியே மேலே ஏறும். இரண்டில் எது நடந்தாலும் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடுகிறது. தேங்கிய நீரில் கிருமி புகுந்தால் ரத்தம் முழுக்க நஞ்சாகும் செப்சிஸ் வரை போகலாம். பிரிட்டனில் மான்செஸ்டர் வட்டாரத்தில் நெடுங்காலக் கெட்டமைன் பழக்கத்தால் சிறுநீரகத் தொற்று வந்து ஒருவர் இறந்தபோது, மரண விசாரணை அதிகாரியே இந்தப் பொருளின் சட்ட நிலையைப் பற்றி உள்துறை அமைச்சகத்துக்கு எழுதினார்.

சிகிச்சைக்கு எடுப்பவர்கள் பயப்பட வேண்டுமா

மனச்சோர்வுக்குப் பரவலாகக் கையாளப்படும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம். 40 நிமிடத்தில் ரத்தக் குழாய் வழியே ஏற்றுவார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 மில்லிகிராம். வாரத்துக்கு இரண்டு முறை என்றால் 60. அன்றாடம் ஒரு கிராம் உறிஞ்சுகிறவர் அதே வாரத்தில் எடுப்பது 7,000 மில்லிகிராம். நூறு மடங்குக்கும் மேல். தினம் மூன்று நான்கு கிராம் எடுப்பவர்களும் உண்டு.

மூக்கால் உறிஞ்சியதில் பாதிதான் ரத்தத்துக்குப் போகும், மீதி தொண்டை வழியே வயிற்றுக்குப் போய் வீணாகிறதே என்று ஒரு வாதம் எழலாம். மூளைக்கு அது வீண்தான். சிறுநீர்ப்பைக்கு அப்படியில்லை. விழுங்கிய பகுதியைக் கல்லீரல் நார்க்கெட்டமைனாக மாற்றிச் சிறுநீரில்தான் சேர்க்கிறது.

2019இல் அமெரிக்கா ஒப்புதல் தந்த எஸ்கெட்டமைன் (கெட்டமைனின் ஒரு வடிவம்) மூக்குத் தெளிப்பான், மருத்துவர் முன்னிலையில் மட்டுமே எடுக்க வேண்டியது. அதன் ஆய்வுகளில் அடிக்கடி சிறுநீர் போவது போன்ற அறிகுறிகள் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன; புண்ணோடு கூடிய சிறுநீர்ப்பை அழற்சி யாருக்கும் காணப்படவில்லை. ஆனாலும் மருந்தோடு வரும் குறிப்பில் எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். அது சரியான முன்ஜாக்கிரதை என்றே எனக்குப் படுகிறது. கோவிட் காலத்துக்குப் பின் அமெரிக்காவில் வீடியோ காலில் மருத்துவரைப் பார்த்து, நாக்கடியில் கரையும் கெட்டமைன் வில்லையைத் தபாலில் வாங்கி வீட்டிலேயே எடுக்கும் வழக்கம் பரவியது. கவலைக்குரிய சாம்பல் நிறப் பகுதி அதுதான். அளவைக் கவனிக்க யாரும் இல்லை. அடுத்த வில்லை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2023 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இப்படித் தயாரித்து விற்கப்படும் கெட்டமைனைப் பற்றி எச்சரித்தபோது, சிறுநீர்ப்பைத் தொல்லையையும் பட்டியலில் சேர்த்தது.

அறுவைசிகிச்சைக்காக ஒருமுறை கெட்டமைன் கொடுத்தார்கள் என்று இதைப் படித்துவிட்டு யாரும் பதற வேண்டியதில்லை.

"யூரின் இன்ஃபெக்‌ஷன்" என்று போகும் மாதங்கள்

நீர்க்கடுப்பு என்றால் நம் ஊரில் முதலில் "சூடு" என்போம். இளநீர், வெந்தயம், மோர். அடங்காவிட்டால் ஆன்டிபயாடிக். மருத்துவரும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் போவார், ஏனென்றால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அது கிருமித் தொற்றாகத்தான் இருக்கும். இங்கே பிரச்சினை, கெட்டமைன் பாதிப்பின் அறிகுறிகள் அச்சு அசலாக அப்படியே இருப்பது. ஹாங்காங்கிலும் பிரிட்டனிலும் இளம் பெண்கள் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிச் சாப்பிட்ட கதைகள் ஏராளம். வேறுபடுத்த உதவுபவை:

1. சிறுநீரில் ரத்தமும் வெள்ளை அணுக்களும் இருக்கும். ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் எதுவும் வளராது. ஒன்றுக்கு இரண்டு முறை இப்படி வந்தால் யோசிக்க வேண்டும்.

2. வலி சிறுநீர் போகும்போது மட்டுமில்லாமல், பை நிறையும்போதும் அடிவயிற்றில் இருக்கும். கழித்ததும் சற்றுத் தணியும். கொழகொழவென்று சதைத் துணுக்கு போல எதாவது வெளியேறுவதாக நோயாளி சொன்னால், அதைக் கற்பனை என்று ஒதுக்கக் கூடாது. உரிந்த சவ்வாக இருக்கலாம்.

3. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பையின் சுவர் தடிப்பு, சிறுநீரக வீக்கம். சவ்வைக் கிள்ளி எடுத்துப் பார்த்தால், செல்களின் தோற்றம் சில வேளை தொடக்கநிலைப் புற்றுநோயைப் போலவே இருக்கும். கெட்டமைன் விவரம் தெரியாமல் அந்த ஸ்லைடைப் பார்க்கும் நோய்க்கூறு மருத்துவர் தடுமாற வாய்ப்புண்டு.

எல்லாவற்றையும் விட மலிவான பரிசோதனை ஒரு கேள்விதான். அதைப் பெற்றோரை வெளியே உட்கார வைத்துவிட்டு, குரலில் குற்றச்சாட்டு இல்லாமல் கேட்க வேண்டும். பல இடங்களில் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போகிறது. பிள்ளைகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். தங்கள் நீர்க்கடுப்புக்கும் மூக்கால் உறிஞ்சியதற்கும் தொடர்பு இருப்பதே பலருக்குத் தெரியாது.

எது திரும்பி வரும், எது வராது

2012இல் வெளியான ஒரு பெரிய ஆன்லைன் ஆய்வில், கடந்த ஓராண்டில் கெட்டமைன் எடுத்த 1,285 பேரில் 26.6 விழுக்காட்டினர் ஏதாவதொரு சிறுநீர் அறிகுறியைச் சொன்னார்கள். அளவும் அடிக்கடி எடுப்பதும் கூடக்கூட அறிகுறியும் கூடியது. தங்கள் அறிகுறி போன போக்கைச் சொன்ன 251 பேரில் 51 விழுக்காட்டினருக்கு, எடுப்பதை நிறுத்தியதும் நிலைமை மேம்பட்டது. நிறுத்திய பிறகும் மோசமானவர்கள் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. சேதத்தைத் திருப்புவதில் நிறுத்துவதற்கு ஈடான மருந்து எதுவும் இல்லை என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. தண்ணீர் நிறையக் குடித்தால் போதும் என்ற நம்பிக்கை பழக்கத்தினரிடையே பலமாக இருக்கிறது. நீர்த்த சிறுநீர் குறைவாக எரியும், அவ்வளவுதான். பைக்குள் இறங்கும் நஞ்சின் மொத்த அளவு மாறுவதில்லை.

நிறுத்தியவர்களுக்கு மருத்துவம் என்னென்ன தர முடியும்? முதலில் வலிக்கும், பையின் துடிப்புக்கும் மாத்திரைகள். சவ்வின் பூச்சைத் திரும்பக் கட்ட உதவும் என்று பென்டோசான் பாலிசல்ஃபேட் கொடுப்பதுண்டு. ஹயலூரோனிக் அமிலத்தை மெல்லிய குழாய் வழியே நேராகப் பைக்குள் விடுவார்கள். பையின் சுவரில் போடாக்ஸ் ஊசி போடுவதும் உண்டு. இவற்றால் பலருக்கு நிம்மதி கிடைக்கிறது. வடு விழுந்த பை இவற்றால் பெரிதாவதில்லை.

அந்தக் கட்டத்தில் மிச்சமிருப்பது கத்திதான். குடலில் ஒரு துண்டை வெட்டிச் சிறுநீர்ப்பையோடு சேர்த்துத் தைத்துக் கொள்ளளவைக் கூட்டுவது ஒரு முறை. அப்புறம் பலர் தாங்களே குழாய் செருகிச் சிறுநீரை வடித்துக்கொள்ள வேண்டியிருக்கும், வாழ்நாள் முழுக்க. அதுவும் முடியாதபோது பையையே அகற்றி, குடல் துண்டு வழியே வயிற்றில் ஒரு துளை வைத்து, வெளியே பிளாஸ்டிக் பையை மாட்டிவிடுவார்கள். வழக்கமாக அறுபது, எழுபது வயதுப் புற்றுநோயாளிகளுக்குச் செய்கிற அறுவைசிகிச்சை இது. பழக்கத்தை விட்டு மாதங்கள் ஆன பிறகே சிறுநீரியல் மருத்துவர்கள் கத்தியை எடுக்கச் சம்மதிக்கிறார்கள். ஏனென்றால், குடல் துண்டுக்கு உறிஞ்சுவதுதான் வேலை. ஒட்டுப்போட்ட பைக்குள் மறுபடி கெட்டமைன் கழிவு வந்தால், குடல் அதை உறிஞ்சி ரத்தத்துக்கே திருப்பி அனுப்பும். மேலே குழாய்களும் சிறுநீரகமும் தொடர்ந்து கெடும்.

சட்டம் எங்கே நிற்கிறது

பிரிட்டனில் 2006இல் கெட்டமைன், தண்டனை மிகக் குறைந்த சி வகைப் போதைப்பொருள் ஆனது. சிறுநீர்ப்பைச் சேதத்துக்கான சான்றுகளை நிபுணர் குழு எடுத்துக் காட்டியதையடுத்து 2014இல் பி வகைக்கு ஏறியது. ஆனாலும் 2023 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸில் 16 முதல் 59 வயதுக்குட்பட்ட சுமார் 2,99,000 பேர் அதை எடுத்ததாக அரசின் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. இங்கிலாந்தில் கெட்டமைன் பிரச்சினையோடு சிகிச்சைக்கு வந்த பெரியவர்கள் 2014-15இல் 426 பேர். 2023-24இல் 3,609 பேர். 2025 ஜனவரியில், ஹெராயின் இருக்கும் ஏ வகைக்கு இதை மாற்றலாமா என்று அரசு நிபுணர் குழுவிடம் கேட்டது. அப்படி மாற்றினால், வைத்திருந்தாலே ஐந்தாண்டு என்ற உச்சத் தண்டனை ஏழாண்டாகும். வகை ஏறிய பத்தாண்டில் எண்ணிக்கை எட்டு மடங்கானதைப் பார்க்கையில், எழுத்தை மாற்றுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

இந்தியாவில் கெட்டமைன் 2011இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும், 2013 இறுதியில் மருந்துக் கடைகளுக்கான கடுமையான எக்ஸ் அட்டவணையிலும் சேர்க்கப்பட்டது. மருந்துச் சீட்டின் ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டாண்டு பாதுகாக்க வேண்டும். இந்தியா இதைப் பெருமளவில் தயாரிக்கும் நாடு. தென்கிழக்கு ஆசியச் சந்தைக்குக் கசிந்த சரக்கில் இந்தியப் பங்கு உண்டு. சென்னை விமான நிலையச் செய்திகளின் பின்னணி அதுதான். சுங்கத்துறை பறிமுதலை கிலோவில் சொல்லும், மதிப்பை ரூபாயில் சொல்லும். தினம் ஒரு கிராம் என்ற கணக்கில், ஒரு கிலோ என்பது ஏறக்குறைய மூன்று பேருக்கு ஓராண்டுக்கான சரக்கு.

இதற்கிடையில் லிவர்பூலில், ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனை 2025இல் கெட்டமைனால் சிறுநீர்ப்பை கெட்ட சிறுவர்களுக்கென ஒரு கிளினிக்கைத் தொடங்கியிருக்கிறது.